மலை மங்குது, அம்சா

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகிற சாலையில், கரும்புக்காட்டை ஒட்டினாற்போல் இருப்பது கொளஞ்சியப்பனின் வீடு. அந்த வீட்டில் சத்தம் நின்று இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சத்தம் என்றால் அவர் மனைவி அம்சவள்ளியின் சத்தம்தான். வேறு யாருக்கும் அந்த வீட்டில் சத்தம் போட வாய்ப்புக் கிடைத்ததில்லை.

அம்சவள்ளி கெட்டவள் இல்லை. பேசுகிறவள், அவ்வளவுதான். விடிந்ததும் பால் கறக்கும்போது மாட்டிடம் தொடங்குவாள். மாட்டிலிருந்து மாட்டுக் கயிறு, கயிற்றைச் சரியாகக் கட்டாத புருஷன், இப்படி ஒரு புருஷனைத் தேடிப்பிடித்துக் கட்டிவைத்த தாய்மாமன் என்று பேச்சு வரிசை தப்பாமல் போகும். தாய்மாமன் செத்துப் பல வருஷமாகிறது. அதனால் அவருக்கு ஒன்றும் சலுகை கிடைத்துவிடவில்லை.

கொளஞ்சியப்பன் இதையெல்லாம் பம்ப்செட் மோட்டார் சத்தத்தைக் கேட்பதுபோல் கேட்டுப் பழகியவர். ஓடுகிறவரை கவனிக்கமாட்டார். நின்றால்தான் எழுந்து போய்ப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவளின் வாயை ஒரே ஒரு சொல் அடைத்துவிட்டது. பிரஷர் என்பது அந்தச் சொல்.

கொளஞ்சியப்பனுக்குக் கண்ணில் பிரஷர். இடது கண் மூன்று வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்ததை வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டார். கள்ளக்குறிச்சி கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பே கெட்டுவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் விசாரிக்க வந்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் அவர் ஒரு வார்த்தை சொன்னார்.

"இவ வாயிதாம்பா என் கண்ண தின்னுடுச்சி. தெனம் பேசிப் பேசி பிரஷர ஏத்திவுட்டா."

வந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். எதிர்வீட்டுச் செல்லியம்மாள் சிரிக்கவில்லை, மனப்பாடம் செய்துகொண்டாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், நூறுநாள் வேலையில், கல்யாணப் பந்தியில், எங்கே நாலு பேர் கூடினாலும் அவள் அதை எடுத்துவிடுவாள். "பாவம் அந்த அண்ணன், பொண்டாட்டி வாயால கண்ண வுட்டுட்டாரு" என்பாள். இரக்கப்படுகிற குரலில்தான் சொல்வாள். சண்டைக்குப் போனால் நாம்தான் கெட்டவராகிவிடுவோம்.

அம்சவள்ளி வெளியே மறுபேச்சுப் பேசினாள், வழக்கத்தைவிடச் சத்தமாகவே பேசினாள். ஆனால் அந்த வார்த்தை உள்ளே முள்ளாக ஏறிவிட்டது. பிரஷரைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் அம்மாவுக்கே இருந்ததுதானே. கோபப்பட்டால் ஏறும், நிம்மதியாக இருந்தால் இறங்கும், உப்பைக் குறைக்கவேண்டும். இந்த மனுஷனை முப்பது வருஷமாகத் தினம் தினம் கோபப்படுத்தியது யார்? எப்படிச் சுற்றிப் போனாலும் கேள்வி அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. எல்லோரும் தூங்கியபிறகு தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டு அழுத நாட்களும் உண்டு.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் வலது கண்ணிலும் பிரஷர் ஏறியது. சொட்டு மருந்துக்குக் கட்டுப்படவில்லை. தை மாதத்தில் ஆபரேஷன் செய்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் நர்ஸ் மருந்துப் பையைக் கையில் கொடுத்துச் சொன்னாள்: "பிரஷர் ஏறாம பாத்துக்கணும்மா. இருக்கறது ஒரு கண்ணு."

நர்ஸ் சொன்னது, சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு, செக்கப்புக்கு ஒழுங்காகக் கூட்டிவா என்பதைத்தான். அம்சவள்ளி காதில் விழுந்தது வேறு. அவள் குழம்பில் உப்பைக் குறைத்தாள். வாயை மூடினாள். அதுவரை புருஷனை "யோவ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் "இன்னாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாள். தெருவே வந்து எட்டிப்பார்த்தது. செல்லியம்மாள்கூட வந்து, "ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலியா அண்ணி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. தினமும் காலையில் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்சநேரம் கழித்து, அம்சவள்ளி புருஷனை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாள். "மலை தெரியுதாங்க?" என்று கேட்பாள். முதல் வாரம் நீலமாக ஏதோ கறை மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் மேடு பள்ளம் தெரிந்தது. மாசிக்குள் உச்சியில் நிற்கிற மரங்கள்கூடத் தெரிய ஆரம்பித்தன. அன்றைக்கு அவள் மாரியாத்தாளுக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

முதல் மாதச் செக்கப்புக்கு அவளால் போகமுடியவில்லை. அன்று பார்த்து மாடு கன்று போட்டது. கொளஞ்சியப்பனின் தம்பி பாவாடைதான் வண்டியில் அழைத்துப்போய், வண்டியைப் பார்த்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். கொளஞ்சியப்பன் திரும்பி வந்து, "எல்லாம் நல்லாருக்குதாம்" என்று மட்டும் சொன்னார். முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. கண் தேறியதால் வந்த தெளிச்சி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள்தான் மலை முதல்தடவையாக மங்கியது.

மோர் குடித்த டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டிருந்தார். எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. எத்தனை நாள்தான் அடக்குவது? "இன்னாங்க, இந்த டம்ளர..." என்று தொடங்கினாள். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. கொளஞ்சியப்பன் மேற்கே திரும்பிக் கண்ணைச் சுருக்கினார்.

"மலை மங்குது, அம்சா."

அவள் சட்டென்று வாயை மூடினாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்றுக் கழித்து எட்டிப்பார்த்து, "இப்ப?" என்றாள்.

"இப்ப பரவால்ல. தெரியுது."

அன்றிலிருந்து கல்வராயன் மலை கொளஞ்சியப்பனின் கைக்குள் வந்துவிட்டது. பீடி நாற்றத்தைப் பற்றிக் கேட்கப்போனால் மலை மங்கும். வாரத்தில் எத்தனை முறை கறி எடுப்பது என்ற பேச்சு வந்தால் மலை மங்கும். டிவியை இவ்வளவு சத்தமாக வைக்கவேண்டுமா என்று கேட்டால், அடிவாரம் மட்டும் தெரிகிறது என்பார்.

கடைசியாக முருங்கை மரத்தில் வந்து நின்றது. அம்சவள்ளி கொல்லையில் வளர்த்த மரம். கண்ணுக்கு நல்லது என்று தினம் ஒரு வேளை அதன் கீரையைத்தான் அவருக்குச் சமைத்துப்போட்டாள். ஒருநாள் அவள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள், ஆள் வைத்து மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்திருந்தார். கம்பளிப்பூச்சி மயிர் பறந்து கண்ணில் விழுந்துவிடுமாம். உண்மையில் கம்பளிப்பூச்சிக்கும் அவருக்கும் எந்தப் பகையும் இல்லை. கீரையோடுதான் பகை.

வெட்டிக் கிடந்த மரத்தைப் பார்த்து அவள் வாயைத் திறந்தாள். அவர் மேற்கே பார்த்து, "மலையே காணோம்" என்றார்.

படிக்கிற உங்களுக்கு இது எப்போதோ விளங்கியிருக்கும். அவளுக்கு விளங்கவில்லை. அவளைப் புத்தி கம்மி என்று நினைத்துவிடவேண்டாம். சந்தேகப்படுவதற்கு மனதில் கொஞ்சம் இடம் வேண்டும், அங்கே பயம்தான் நிரம்பிக் கிடந்தது. ஒரு கண்ணைத் தின்றவள் என்ற பேர் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்றும் போனால் அவள் எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள்? தெருவை விடுங்கள். இந்த மனுஷனை எந்த முகத்தோடு கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவாள்?

அடுத்த செக்கப்புக்கு, தானே வருகிறேன் என்று புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நீ எதுக்கு இந்த வெயில்ல? பாவாட வரான்" என்றார் கொளஞ்சியப்பன்.

"இல்லீங்க. நான் டாக்டர்கிட்ட கேக்கணும்."

"இன்னா கேக்கப்போற?"

"மலை மங்கறதத்தாங்க."

அவர் மேற்கே பார்த்தார். என்ன தோன்றியதோ, செருப்பை மாட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிமொழி எழுத்துப் பலகையைப் படிக்கவைத்தார், நீல வெளிச்சம் காட்டிப் பிரஷர் பார்த்தார். நடுவயசுக்காரர், பொறுமையாகப் பேசுகிறவர். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் எழுதப்போகிற நேரத்தில் அம்சவள்ளி குறுக்கிட்டாள். "அப்பப்ப பார்வ மறையுதுங்கம்மா. மலையே காணாமப் போயிடுது."

டாக்டரின் பேனா நின்றது. "அப்படியா ஐயா?"

கொளஞ்சியப்பன் மின்விசிறியைப் பார்த்தபடி, "லேசாத்தாங்க" என்றார்.

டாக்டருக்கு அது லேசாகப் படவில்லை. ஆபரேஷன் செய்த கண்ணில் பார்வை வந்து வந்து போனால் விட்டுவிட முடியுமா? மேல் இமையைத் தூக்கிப் பார்த்தார். "வெளியிலேர்ந்து பாத்தா நல்லாதான் தெரியுது. உள்ள தழும்பு கட்டி வழி அடைச்சிருக்கான்னு ஒரு படம் எடுத்துப் பாத்துடலாம். அடைச்சிருந்தா மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படலாம்."

"கண்ண கீறி எடுப்பீங்களாம்மா?" அம்சவள்ளி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீற வேணாம். கண்ணத் தொடக்கூட வேணாம். வெளிச்சம் வச்சே உள்ள வெட்டுன மாதிரி படம் வந்துடும்."

படம் என்றதும் கொளஞ்சியப்பன் காலரைச் சரிசெய்து மீசையை நீவிக்கொண்டார். படம் எடுக்கிற அறையில் இருந்த தேவிப்ரியா என்ற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மூஞ்சி வராதுங்க ஐயா. கண்ணோட மேல்பக்கம் மட்டுந்தான்" என்றாள். முகவாயை ஒரு மேடையில் வைக்கச் சொன்னாள். "கீழ தரையப் பாருங்க. ஆடாதீங்க, பேசாதீங்க" என்று இமையை மட்டும் விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அம்சவள்ளி சுவரோரம் நின்று திரையைப் பார்த்தாள். கறுப்பு வெள்ளையில் மேடாக ஏதோ வந்தது. பாதியாகப் பிய்த்த பணியாரம் மாதிரி உப்பலாக, உள்ளே சின்னதும் பெரியதுமாகக் கறுப்புக் கறுப்பாகப் பொத்தல்கள். கண் உள்ளே அரித்துப்போயிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள்.

டாக்டர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்து மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டாள். இந்தக் கண் தப்பித்தால் ஆயுசுக்கும் வாயே திறக்கமாட்டேன் தாயே. வேண்டிய உடனே அது கொஞ்சம் ஜாஸ்தி என்று தோன்றியது. கத்தமாட்டேன் என்று திருத்திக்கொண்டாள்.

டாக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். "கண்ணுக்குள்ள எப்பவும் நீர் ஊறும்மா. அது வெளிய போற வழி இவருக்கு அடைச்சிக்கிச்சு. தண்ணி தேங்கினா அழுத்தம் ஏறும், நரம்பு கெடும். அதுக்குத்தான் இமைக்கு அடியில நாங்க ஒரு புது வழி போட்டோம். இதோ, இதுதான் வழி. தொறந்திருக்கு பாருங்க. இந்த உப்பலா இருக்கற எடத்துல தண்ணி வந்து நின்னு மெதுவா உறிஞ்சிக்கும்."

"அந்தக் கறுப்புப் பொத்தலுங்க..."

"அது தண்ணிம்மா. கறுப்பா, பஞ்சு மாதிரி இருந்தாத்தான் நல்லது. வெள்ளையா கெட்டியா இருந்தா பயப்படணும். நான் பாத்த படத்துலயே இது நல்ல படம்." டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "எனக்கு ஒண்ணுதான் புரியல. இவ்வளவு நல்லா இருக்கற கண்ணுல மலை எப்படி மறையும்? எப்ப மறையுது? காலையிலயா, வெயில் நேரத்துலயா?"

அம்சவள்ளி யோசித்தாள். டாக்டரிடம் தப்பாகச் சொல்லிவிடக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் எப்போது மங்கியது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள்.

"நேரம்லாம் இல்லீங்கம்மா. நான் பேச வாயத் தொறந்தா மறையுது."

"நிறுத்தினா?"

"தெரிஞ்சிடுதுங்க."

டாக்டர் கொளஞ்சியப்பனைப் பார்த்தார். அவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியை, அதாவது சற்றுமுன் படிக்கத் திணறிய வரியை, மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார். ஏதோ காகிதம் கொடுக்க வந்த தேவிப்ரியா, கொடுக்காமலே இருமிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"ஐயா," என்றார் டாக்டர், "போன தடவை நீங்களே கேட்டீங்களே, வீட்ல சண்ட போட்டா கண்ணுல பிரஷர் ஏறுமான்னு. அது வேற, இது வேறன்னு நான் சொன்னேனே. அம்மாகிட்ட சொல்லலையா?"

கொளஞ்சியப்பன் கடைசி வரியை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அம்சவள்ளி அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவள் டாக்டரிடம் ஏதோ கேட்டாள். குரல் அத்தனை தணிந்து வந்ததால், டாக்டர் மறுபடி கேட்கச் சொன்னார்.

"அப்ப எடது கண்ணுங்கம்மா? அது?"

"அதுவும் இதே அடைப்புதாம்மா. நீங்க வாயே தொறக்காம இருந்திருந்தாலும் அது போயிருக்கும். முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். மத்தபடி அதுல உங்க பங்கு ஒண்ணுமே இல்ல."

அம்சவள்ளி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூன்று வருஷமாகச் சுமந்தது ஒரே நிமிஷத்தில் இறங்குகிறபோது சந்தோஷம்தான் வரவேண்டும். அவளுக்கு அழுகைதான் வந்தது. தோள் குலுங்குவதைப் பார்த்துக் கொளஞ்சியப்பனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு வாசலில் சொன்ன வார்த்தை அவருக்கு மறந்தே போயிருந்தது. மெல்ல நினைவுக்கு வந்தபோது அவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அறைக்குள் வெயில் ஒன்றும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு வரும்வரை அவள் பேசவில்லை. எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தாள், பேசவில்லை. டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தார். உட்கார்ந்தாள், பேசவில்லை. மோட்டார் நின்றுவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதமாக நின்றுதான் கிடந்தது. ஆனால் அது இவர் ஸ்விட்சை அணைத்து நின்றது. இது தானாக நின்றது.

"அம்சா, ஏதாச்சும் பேசேன்."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலை இனிமே மங்காது. மேல நிக்கிற மரம்கூட தெரியும்."

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பஸ் கிளம்பும் நேரத்தில், துணி எடுக்க வந்திருந்த செல்லியம்மாள் பையோடு ஏறினாள். இவர்களைப் பார்த்ததும் முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பிக்கொண்டாள். "இன்னா அண்ணே, டாக்டரு இன்னா சொன்னாங்க? கண்ணு எப்டிக்கீது?" பதில் வருவதற்குள் அம்சவள்ளி பக்கம் திரும்பினாள். "அண்ணி, பாத்து. இந்தக் கண்ணயாச்சும் வுட்டு வையி."

சுற்றி இருந்த ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்சவள்ளி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கொளஞ்சியப்பன் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"செல்லியம்மா, கேட்டுக்கோ. எல்லாரும் கேட்டுக்குங்க. என் கண்ணு இவ வாயால போவல. நான் அன்னிக்கு சொன்னது பொய்யி. டாக்டரு படம் புடிச்சி காட்டிட்டாங்க."

"பெரியவரே, ஒக்காருங்க. வளைவு வருது" என்றார் கண்டக்டர்.

செல்லியம்மாள் லேசில் விடுகிறவள் இல்லை. மூன்று வருஷம் சொல்லித்திரிந்ததை யார் இப்படி ஒரு பஸ்ஸில் விட்டுக்கொடுப்பார்கள்? "அப்ப எதால போச்சி?" என்றாள்.

"உள்ள தண்ணி போற வழி அடச்சிக்கிச்சி. வாய்க்கா அடச்சிக்கிற மாதிரி."

"பின்ன எதுக்கு அண்ணி மேல பழி போட்ட?"

கொளஞ்சியப்பன் கம்பியை மாற்றிப் பிடித்தார். பஸ் ஆட்டத்தில் அவரும் ஆடினார்.

"கண்ணு போயிடுச்சின்னு சொல்லிட்டாங்க. யார் மேலயாச்சும் போடணும் போல இருந்துச்சி. கிட்டக்க இவதான் இருந்தா."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சிரித்தவர்கள் டிக்கெட்டுக்குப் பைசா எடுப்பதுபோல் சட்டைப்பையில் எதையோ தேடினார்கள். செல்லியம்மாள் முன்பக்கம் திரும்பித் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அம்சவள்ளி மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். கரும்புக்காடு முடிந்து வெட்டவெளி வந்ததும், மேற்கே மலை முழுசாக எழுந்து நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாரியாத்தாளிடம் போட்ட வேண்டுதலைத் தான் திரும்ப வாங்கிக்கொள்வதாக மனதுக்குள் சொன்னாள். காரணமே பொய்யாகிப் போனபிறகு ஆத்தாள் ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"யோவ்."

"சொல்லு" என்றார் கொளஞ்சியப்பன். அத்தனை ஆவலாக அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை.

"முருங்க மரத்த ஏன்யா வெட்டுன?"

அவள் குரல் ஏற ஏறக் கண்டக்டரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கொளஞ்சியப்பன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். மரத்திலிருந்து கீரைக்கும், கீரையிலிருந்து டம்ளருக்கும், பீடிக்கும் போன பேச்சு, கச்சிராயபாளையத்தில் அவர்கள் இறங்கும்போது தாய்மாமனுக்கு வந்திருந்தது.